பக்கெட்டு மேனேஜரும் பார் பின்கதவும்

தடா பக்கம் ஹைவேல ஒரு தக்காளி லாரி குப்புறக் கவுந்துச்சே, ஞாபகம் கீதா இல்லியா? காளாஸ்திரி ரோட்டு வழியா மெட்ராசுக்குப் போய்க்கினு இருந்த லாரி. டிரைவருக்கு ஒண்ணும் ஆவல, அது போதும். ஆனா நாலு நாளு ஊரே தக்காளி ரசம், தக்காளித் தொக்கு, தக்காளி சோறுன்னு துன்னு துன்னு வாயெல்லாம் புளிச்சிப் போச்சி. அதுக்கு அடுத்த நாளு காலையிலதான் அவரு எங்க பாருக்கு மேனேஜரா வந்து எறங்கினாரு. வருசம் எதுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. தக்காளி லாரின்னு சொன்னா தடாவுல யாருன்னாலும் கணக்குப் போட்டுச் சொல்லிடுவாங்க.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எங்க மருமவ எழுதுறா. நான் வேற எங்கியாச்சும் போயிட்டா, "மாமா, பக்கெட்டு கதைக்கு வாங்க"ன்னு இஸ்துக்கினு வந்துடுவா.

ஆந்திராவுல தேடு, தமிழ்நாட்டுல தேடு, குடிச்சிக்கினு குந்தினு இருந்தவங்கள விசில் ஊதி எழுப்பி, வரிசையில நிக்க வெச்சி, பின்கதவு வழியா வெளிய நடத்தி, தல எண்ணி, மறுபடியும் உள்ள இட்டாந்து குந்த வெச்ச மனுசன் ஒரே ஒருத்தருதான். அது எங்க பக்கெட்டு மேனேஜரு. அப்பா அம்மா வெச்ச பேரு ஒண்ணு இருந்துச்சி. லைசென்சுக்குப் பக்கத்துல ஒரு போர்டுல அத எழுதி மாட்டியும் இருந்தாங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிஞ்சவங்களும் அதப் படிக்கல.

எங்க பாரு ஹைவே ஓரமா. ஸ்ரீ சிட்டி கம்பெனிங்கள்ல வேல முடிச்சிட்டு வர்ற பசங்க, லாரி ஓட்றவங்க, பக்கத்துல பஞ்சர் கடை வெச்சிருந்தவரு, எல்லாரும் அங்கதான். ஒரு பக்கம் பாரு, ஒரு பக்கம் ஓட்டலு. நான் சமையல் மாஸ்டரு. எங்க ஊரு நகரி. எங்க நைனா தறியில குந்தினாரு, எனக்குக் குந்தினா இடுப்பு நோவும். நின்னுக்கினு செய்யற வேலையாப் பாத்து அடுப்பாண்ட போயிட்டேன். என் வேர்க்கல்ல பக்கோடாவுக்குன்னே தமிழ்நாட்டு பார்டரத் தாண்டி வந்தவங்கல்லாம் உண்டு. மாவுல ஒரு கரண்டி சூடான எண்ணெய ஊத்திப் பெசையணும், அதான் விசயம். சரி சரி, மருமவ மொறைக்கிறா.

மொத நாளு அந்த மனுசன் வந்தாரு. ஒல்லியா, அறுவது வயசு இருக்கும், சித்தூரு பக்கத்து ஆளு. தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவாரு. புதுசா வர்ற மேனேஜரு இன்னா கேப்பாங்க? சரக்கு எங்க, சாவி எங்கன்னு கேப்பாங்க. இவரு வந்து நின்னாரு, செவுத்தப் பாத்தாரு, கேட்டாரு:

"மணலு எங்க?"

செவுத்துல செவப்பு பக்கெட்டு எட்டு தொங்கிக்கினு இருந்துச்சி. நெருப்புக்குன்னு லைசென்சு வாங்கும்போது மாட்டினது. அப்பால அத யாரும் கழட்டிப் பாக்கல. ஒண்ணத் தூக்கிக் கவுத்தாரு. வேர்க்கல்லத் தோலு, பீடித் துண்டு, எலும்பு, ஒரு செருப்பு. செருப்பு ஒத்தச் செருப்பு. அது யாருதுன்னு இன்னிக்கி வரைக்கும் தெரியாது.

மறுநாளே மணலு கொட்டி ரொப்பினாரு. அன்னியிலேர்ந்து தெனம் காலையில எட்டு பக்கெட்டையும் எறக்கி மணலச் சலிப்பாரு. எதுல சலிச்சாருங்கிறீங்க? என் சல்லடையில! நான் கடலமாவு சலிக்கிற சல்லடை!

"மேனேஜரே, அது சோத்துக்குண்டான சாமானு!"

"மாஸ்டரு, மணல்ல கல்லு இருந்தா நெருப்பு அணையாது."

"என் மாவுல மணலு இருந்தா பல்லு இருக்காதுய்யா!"

அப்பால என் சல்லடைய எனக்கே உட்டுட்டு, அவருக்குன்னு புதுசா ஒண்ணு வாங்கிக்கினாரு. அதுல செவப்பு பெயிண்டும் அடிச்சிக்கினாரு. அன்னிக்கே பஞ்சர் கடைக்காரரு பேரு வெச்சிட்டாரு, பக்கெட்டுன்னு. ஒரு வாரத்துல மொதலாளியே ஃபோன்ல "பக்கெட்ட கூப்புடு"ன்னு ஆரம்பிச்சிட்டாரு.

அடுத்தது டிக்கு மெசினு. கட்டவெரல் சைசுல கையில ஒண்ணு வெச்சிருப்பாரு. ஒருத்தரு உள்ள வந்தா ஒரு டிக்கு, வெளிய போனா ஒண்ணு கொறைப்பாரு. எங்க பாருக்குள்ள ஒரே நேரத்துல அறுவது பேருதான் இருக்கலாம்னு காயிதத்துல எழுதியிருந்துச்சாம். அது எழுதியிருக்குதுன்னு மொதலாளிக்கே அவரு சொல்லித்தான் தெரியும்.

ஒரு ஞாயித்துக்கெழம மத்தியானம். திருப்பதியிலேர்ந்து மொதலாளி கார்ல வந்து எறங்கினாரு. வெள்ளைச் சட்டை, வெள்ளைச் செருப்பு. வாசல்ல பக்கெட்டு கைய நீட்டி மறிச்சாரு.

"சார், அறுவது ஆயிடுச்சி. யாராச்சும் ஒருத்தரு வெளிய வரட்டும்."

"ஏமய்யா, நான் யாருன்னு தெரியுதா?"

"அறுவத்தொண்ணாவது ஆளு சார்."

நெசமாத்தான் சொல்றேன், அவரோட பாரு வாசல்ல, அவரோட வெயில்ல, மொதலாளி நின்னாரு. பக்கெட்டு மரியாத தெரிஞ்சவரு, ஒரு நாற்காலி கொணாந்து போட்டாரு. "வெளிய குந்துறதுக்கு ரூல் ஒண்ணும் தடுக்கல சார்." உள்ளேர்ந்து பஞ்சர் கடைக்காரரு எழுந்து வந்தாரு. "மொதலாளி, என் எடத்துல போய்க் குந்துங்க. என் கிளாசத் தொடாதீங்க, பாதிதான் ஆச்சி."

என்னையும் உட மாட்டாரு. காலையில அஞ்சு மணிக்கு நான் அடுப்பு மூட்ட வந்தா வாசல்ல டிக்கு. "யோவ், நான் இன்னா குடிக்கவா வர்றேன்?"ன்னு கேப்பேன். "மாஸ்டரு, உள்ள வந்தவன் உள்ள வந்தவன்தான்"னு சொல்லுவாரு. ஒரு நாளு வேணும்னே சமையல்கட்டு ஜன்னல் வழியா ஏறிக் குதிச்சேன். அந்த வயசுல! மொழங்கால் சிராய்ச்சிக்கினு நிக்கிறேன், அந்தப் பக்கத்து கதவாண்ட கை மட்டும் நீட்டினாரு. டிக்கு.

வயசு பாக்குறதுல அதுக்கு மேல. இருவத்தோரு வயசு ஆவாதவங்களுக்கு ஊத்தக் கூடாது, அது சட்டம். மீச மொளைக்காத பசங்கள எந்த மேனேஜரும் கேப்பான். இவரு எல்லாரையும் கேப்பாரு. ஒருவாட்டி திருப்பதி மலைக்குப் போய் மொட்ட போட்டுக்கினு திரும்பி வந்த அஞ்சு பேரு பிரியாணி துன்ன வந்தாங்க. வேலூரு பக்கம். தலையில சந்தனம், மீசையும் மழிச்சாச்சி. பிரியாணியோட நிறுத்தியிருக்கலாம். கூட வந்த மச்சான் ஒருத்தன் பீரு கேட்டுட்டான். பக்கெட்டு ஆதாரு கேட்டாரு. அட்டையில பாத்தா காடு மாதிரி முடி, கத்தியாட்டம் மீச. எதிர்ல பாத்தா உருண்டக் கத்திரிக்காயி.

"இது நீ இல்ல."

"சார், நான்தான் சார். முடிய சாமிக்குக் குடுத்துட்டேன் சார்."

"சாமிக்குக் குடுத்தா நல்லது. எனக்குத் தெரியணுமே."

கடைசில இன்னா பண்ணாருங்கிறீங்க? காத வெச்சிக் கண்டுபுடிச்சாரு. "முடி மாறும், மீச மாறும், காது மாறாது"ன்னு அஞ்சு பேரையும் பக்கவாட்டுல நிக்க வெச்சி, அட்டையில காதப் பாத்து, ஆள்ல காதப் பாத்து, அர மணி நேரம். பிரியாணி ஆறிப் போச்சி. அவங்க பீரே வாணாம்னு மோரு குடிச்சிட்டுப் போனாங்க. மலைக்குப் போயிட்டு வந்தவங்களுக்கு அதுதான் நல்லதும்.

அப்பால அந்த புங்க மரம். பாருக்குப் பின்னால இருந்துச்சி. யாரோ ஒரு லாரி டிரைவரு அதுக்கு அடியில ஒரு கல்ல நட்டு, மஞ்ச பூசி, குங்குமம் வெச்சிட்டுப் போயிட்டாரு. நம்ம பக்கம் தெரியுமே, திங்கக்கெழம கல்லு, வெள்ளிக்கெழம சாமி, அடுத்த மாசம் கோயிலு. கோயிலு பக்கத்துல இருந்தா பாருக்கு லைசென்சு கெடையாது. பக்கெட்டுக்கு மூஞ்சி வெளுத்துப் போச்சி. கல்லத் தூக்கி எறியவும் மனசு வரல, அவரு பக்திமான். கற்பூரம் ஏத்திக் கும்புட்டு, அந்தக் கல்லுக்குன்னு ஒரு ஆட்டோ வெச்சி, பின் சீட்டுல குந்த வெச்சி, ஊருக்குள்ள அம்மன் கோயில்ல கொண்டுபோய் உட்டுட்டு வந்தாரு. அப்பால தெனம் காலையில மணலு சலிச்சதும் மரத்தடியில குனிஞ்சி மஞ்ச வாசன வருதான்னு மோந்து பாப்பாரு.

மரம் அவருக்கு ஏன் அவ்ளோ முக்கியம்னா, டிரில்லு அங்கதான். சனிக்கெழம சாயங்காலம் அஞ்சு மணிக்கு விசிலு ஊதுவாரு. ஒண்ணாம் நம்பரு டேபிள்லேர்ந்து வரிசையா எழுந்து, பின்கதவு வழியா வெளிய போயி, புங்க மரத்தடியில நிக்கணும். அவரு டிக்கு மெசினையும் தலைங்களையும் ஒத்துப் பாத்து, "லெக்க சரி!"ன்னு கத்துவாரு. தெலுங்குல கணக்கு சரின்னு அர்த்தம். அப்பால எல்லாரும் உள்ள போலாம். கிளாச வெச்சிட்டு வரணும்னுதான் மொதல்ல ரூலு. ஒருத்தனும் வெக்கல. ரெண்டு வாரம் சண்ட. கடைசில கிளாசு எடுத்துக்கினு வரலாம், பாட்டிலு கூடாதுன்னு முடிவாச்சி.

பஞ்சர் கடைக்காரருக்குத்தான் ரொம்ப பேஜாரு. "யோவ் பக்கெட்டு, நான் ஒரு மொடக்கு குடிக்கிறேன், நீ நூறு அடி நடக்க வெக்கிற. ஏறுறதுக்குள்ள எறங்கிடுதுய்யா!"

"எறங்கினா நல்லதுதானே அன்னா. சைக்கிளு நேரா போவும்."

அவரு ஊட்டுக்காரம்மா ஒரு நாளு பாருக்கே வந்துட்டாங்க. சண்டைக்குன்னு நெனைச்சி எல்லாரும் ஒளிஞ்சோம். அந்தம்மா பக்கெட்டு கையில ஒரு தூக்கு வடகம் குடுத்துட்டு, "சனிக்கெழம மட்டும் ஏன், தெனம் நடத்துங்க சார்"ன்னு சொல்லிட்டுப் போனாங்க.

அவரு கையில பெரிய ரிஜிஸ்டரு ஒண்ணு இருக்கும். தெனம் சாயங்காலம் அதுல ஒரே ஒரு வரி எழுதுவாரு. ஒருவாட்டி இன்னா எழுதறேன்னு கேட்டேன். "ஈரோஜு ஏமீ லேது"ன்னாரு. அதாவது, இன்னிக்கி ஒண்ணும் நடக்கல. பக்கம் பக்கமா அதேதான். ஒண்ணும் நடக்கலங்கிறத இவ்ளோ கஷ்டப்பட்டு எழுதுற ஆள நான் எங்கியும் பாக்கல. "மாஸ்டரு, ஒண்ணும் நடக்காத நாளுதான் நல்ல நாளு"ன்னு பேனாவ மூடிக்கினாரு.

இப்பிடியே போயிருக்கும். மொதலாளிக்கு ஒரு சித்தாந்தி கெடைச்சாரு. வாஸ்து பாக்குறவரு. வந்தாரு, திசகாட்டி ஒண்ணு வெச்சி நாலு மூலையும் பாத்தாரு. சமையல்கட்டு தென்கெழக்குல, முன்வாசலுக்குப் பக்கத்துல இருந்துச்சி. அக்னி மூல, பேஷ்னாரு. என்னையே பாராட்டின மாதிரி நான் நிமுந்து நின்னேன். அப்பால பின்கதவாண்ட போனாரு. தென்மேற்கு, நைருதி மூல. மூஞ்சி சுருங்கிடுச்சி. "இந்தப் பக்கம் ஓட்ட இருந்தா வர்றதெல்லாம் வெளிய போயிடும். மூடிடுங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

மறுநாளே செங்கல்லு வந்து எறங்கிடுச்சி. லைசென்சு புதுப்பிக்கிற நேரம் வேற. நெருப்பு ஆபீசரு வந்து பாத்து சர்டிபிகேட்டு குடுத்தாத்தான் லைசென்சு. ரெண்டு கதவு இல்லன்னா சர்டிபிகேட்டு கெடையாது. பக்கெட்டு மொதலாளி எதிர்ல போய் நின்னாரு. நான் அடுப்ப சின்னதாக்கிட்டு காது குடுத்தேன்.

"சார், ரெண்டு கதவுன்னு எழுதித்தான் லைசென்சு வாங்கியிருக்கோம்."

"ஆபீசரு வர்ற அன்னிக்கி செவுத்துல கதவு மாதிரி பெயிண்டு அடிச்சி உட்டுடலாம். தூரத்துலேர்ந்து பாத்துட்டுப் போயிடுவாரு."

"அப்ப நெருப்பும் பெயிண்டுல வருமா சார்?"

மொதலாளிக்குக் கோவம் வந்துடுச்சி. "செவுரு என் செவுரு, கதவு என் கதவு. திங்கக்கெழம மேஸ்திரி வர்றான். நீ அந்த ரிஜிஸ்டர்ல ஒரு எழுத்து எழுதினா, செவ்வாக்கெழம ஊட்டுக்குப் போயிடு."

"சரிங்க சார். திங்கக்கெழம எழுதிட்டு செவ்வாக்கெழம போறேன்."

அவ்ளோதான். குரல ஒசத்தல. வெளிய வந்து பக்கெட்டுல மணலத் தட்டி சமம் பண்ணிக்கினு இருந்தாரு. நான்தான் கரண்டியோட அவராண்ட ஓடினேன். "யோவ், இந்த வயசுல உனக்கு யாருய்யா வேல குடுப்பான்? அந்தக் கதவு உங்க அப்பன் ஊட்டுக் கதவா? மூடிட்டுப் போறான், உனக்கு இன்னா?"ன்னு திட்டினேன்.

"மாஸ்டரு, கதவ மூடிட்டா நான் டிக்கு டிக்குன்னு எண்ணி உள்ள உடறேனே, அவங்கள எப்பிடி வெளிய உடறது?"

பக்கோடா கருகுதுன்னு சொல்லிட்டு உள்ள வந்துட்டேன். கருகல.

இது நடந்தது புதங்கெழம. மறுநாளு வியாழக்கெழம. அன்னிக்கி நடந்தத நான் ரெண்டா சொல்லணும். ஒண்ணு எனக்குத் தெரிஞ்சது, ஒண்ணு மத்தவங்க சொன்னது. எனக்குத் தெரிஞ்சது ரொம்பக் கொஞ்சம். காலையில அஞ்சுலேர்ந்து நின்னுக்கினு இருந்தேன். மத்தியானம் மூணு மணி. பக்கோடாவுக்கு எண்ணெய அடுப்புல வெச்சிட்டு, வேர்க்கல்ல எடுக்க ஸ்டோர் ரூமுக்குப் போனேன். சமையல்கட்டுக்கு ஒட்டின ரூமு, இருட்டா குளுகுளுன்னு இருக்கும். வெங்காய மூட்ட மேல சொம்மா ஒரு நிமிசம் குந்தினேன். அவ்ளோதான் எனக்குத் தெரியும். தூங்கிட்டேன். தப்பு என்னுது. அன்னியிலேர்ந்து இன்னி வரைக்கும் அதச் சொல்லத் தயங்கினதில்ல.

மத்தது அவங்க சொன்னது. எண்ணெய் காய்ஞ்சி, பொகைஞ்சி, குப்புன்னு புடிச்சிக்கினுச்சி. சமையல்கட்டு முன்வாசலுக்குப் பக்கம்னு சொன்னேனே, பொக பூரா முன்வாசல்ல போய் நின்னுடுச்சி. பக்கெட்டு விசிலு ஊதினாரு.

ஒருத்தனும் எழுந்துக்கல.

"யோவ், இன்னிக்கி வியாழக்கெழம! சனிக்கெழமதானே டிரில்லு?"ன்னு பஞ்சர் கடைக்காரரு கத்தினாரு.

"அன்னா, இது நெசம்!"

"ஆமாமா, போன வாரமும் நெசம்னுதான் சொன்ன. ஆனா இன்னிக்கி பொகையெல்லாம் வெச்சிருக்கான் பாரு. மனுசன் ஒழைக்கிறான்யா. வாங்கடா, பாவம், போலாம்."

ஒருத்தனும் நம்பல. நம்பாததாலதான் ஒருத்தனும் ஓடல, இடிக்கல, மிதிக்கல. ஒண்ணாம் நம்பரு டேபிளு, ரெண்டாம் நம்பரு டேபிளு, கையில கிளாசு. பாட்டில மறக்காம வெச்சிட்டாங்க. பின்கதவு வழியா வரிசையா போய் புங்க மரத்தடியில நின்னாங்க. ஒருத்தரு, "பக்கோடா சொன்னேனே, இங்கியே கொண்ணாந்து குடுப்பாங்களா?"ன்னு கேட்டாராம்.

பக்கெட்டு எண்ணினாரு. டிக்கு மெசின்ல முப்பத்திரெண்டு. மரத்தடியில முப்பத்தொண்ணு. மறுபடி எண்ணினாரு. முப்பத்தொண்ணு.

"உடுய்யா, மெசினு தப்பா இருக்கும்"னு யாரோ சொன்னாங்க.

"மெசினு தப்பாது. லெக்க சரியில்ல."

அப்பதான் பஞ்சர் கடைக்காரரு கேட்டாராம், "மாஸ்டரு எங்க?"

பக்கெட்டு ஒரு சாக்கத் தண்ணித் தொட்டியில முக்கினாரு, தலையில போத்திக்கினாரு, பின்கதவு வழியா உள்ள பூந்துட்டாரு. தரையோட தரையா தவழ்ந்து ஹாலத் தாண்டி ஸ்டோர் ரூமுக்கு வந்தாரு. எனக்கு மறுபடியும் தெரிய ஆரம்பிச்சது அங்கேர்ந்துதான். பளார்னு ஒரு அற. கண்ணத் தொறந்தா பொக, பொகைக்கு நடுவுல பக்கெட்டு. நான் கேட்டேனாம், "இன்னா மேனேஜரே, மணலு சலிக்கணுமா?"ன்னு. எனக்கு ஞாபகம் இல்ல. அவரு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. என் சட்டக் காலரப் புடிச்சி, மூஞ்சி தரையில தேயத் தேய இஸ்துக்கினு, அந்தப் பின்கதவு வழியா வெளிய கொண்டாந்து போட்டாரு. அந்தக் கதவு வழியாத்தான். திங்கக்கெழமயா இருந்திருந்தா அங்க செவுரு இருந்திருக்கும்.

வெளிய வந்து விழுந்தேன். இருமுறேன். அவரு கரிப் புடிச்ச மூஞ்சியோட என்னப் பாக்கல, மரத்தடியப் பாக்கல, கையில மெசினப் பாத்துட்டு ஒரு கத்து கத்தினாரு:

"லெக்க சரி!"

அப்பால கேசு வால்வ மூடி, எட்டு பக்கெட்டு மணலையும் கொட்டித்தான் எண்ணெய அணைச்சாங்க. சலிச்ச மணலு, மாவாட்டம் உழுந்து மூடிடுச்சாம். எண்ணெயில தண்ணி ஊத்தியிருந்தா கூர வரைக்கும் போயிருக்கும். என் அடுப்பும், முன்பக்கம் ஒரு செவுரும் கருகிச்சி, வேற ஒண்ணும் இல்ல.

நெருப்பு வண்டி வந்தப்ப அணைக்கிறதுக்கு ஒண்ணும் பாக்கி இல்ல. ஆபீசரு எறங்கினாரு. பாத்தாரு. மரத்தடியில முப்பத்தொரு பேரு, வரிசையில, கிளாசோட. "ஏமண்டி இது?"ன்னாரு. பஞ்சர் கடைக்காரரு ஒரு சல்யூட்டு அடிச்சி, "நாலாம் நம்பரு டேபிளு சார். உள்ள போலாமா?"ன்னு கேட்டாரு.

அதுக்குள்ள மொதலாளியும் திருப்பதியிலேர்ந்து வந்து சேந்துட்டாரு. ஆபீசரு பின்பக்கம் சுத்திப் பாத்துட்டு, "இந்தச் செங்கல்லு எதுக்கு?"ன்னு கேட்டாரு. மொதலாளி பக்கெட்ட பாத்தாரு. பக்கெட்டுக்குப் பொய் வராது, அது எல்லாருக்கும் தெரியும்.

"கதவ மூட வாங்கினது சார்"னாரு பக்கெட்டு. "மூடல. மூடறதில்ல."

மொதலாளி அவசரமா, "ஆமா சார். மரத்தடியில நிக்கிறவங்க குந்துறதுக்கு மேடை கட்டப் போறோம்"னு சொன்னாரு. நெசமாவே திங்கக்கெழம மேஸ்திரி வந்து மரத்தச் சுத்தி மேடதான் கட்டினான். சித்தாந்தியும் வந்து பாத்துட்டு, வெளிய போறதுக்கு மட்டும் தொறக்குறது வாசலே இல்ல, வாஸ்து அத எண்ணாதுன்னு சொல்லிட்டாரு. ஒரு பூசணிக்கா மட்டும் கட்டச் சொன்னாரு.

ஆனா வியாழக்கெழம இன்னும் முடியல. ஆபீசரு ரிஜிஸ்டரு கேட்டாரு. பக்கெட்டு குந்தி எழுதினாரு. அன்னிக்கி ஒரு வரி இல்ல, நாலு வரி. எழுதறத நான் தூரத்துலேர்ந்து பாத்துக்கினு இருந்தேன். அடுப்ப உட்டுட்டுத் தூங்கினது நான். பொய் எழுதாத மனுசன் எழுதுறாரு. என் வேல அந்த நாலு வரியோட போச்சின்னு முடிவு பண்ணிட்டேன். ஆபீசரு படிச்சாரு, என்னத் திரும்பிப் பாத்தாரு, கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாரு.

மறுநாளு காலையில போனேன். டிக்கு. உள்ள போனா, கருகின செவுத்துல புதுசா ஒரு போர்டு. தெலுங்குல. நான் எங்க படிக்கிறது? எல்லாரும் என்னையே பாத்துக்கினு நின்னாங்க. சரி, என்ன வெளிய அனுப்புறதுதான் எழுதி மாட்டியிருக்குதுன்னு நெனைச்சி, என் கரண்டி, என் வாணலி, என் சல்லடை எல்லாத்தையும் ஒரு கோணியில போட்டுக் கட்டிக்கினு தோள்ல தூக்கிட்டேன்.

பஞ்சர் கடைக்காரரு ஓடியாந்தாரு. "எங்க மாஸ்டரு போற? மூணு மணிக்குள்ள வந்துடுவியா?"

"ஏன், கிண்டலா?"

"யோவ், போர்டுல எழுதியிருக்குதே! 'மாஸ்டரு தெனம் மூணு மணிலேர்ந்து மூணரை வரைக்கும் தூங்கணும். அடுப்ப அணைச்சிட்டு.' அவ்ளோதான்யா எழுதியிருக்குது!"

கோணிய எறக்கி வெச்சேன். அப்பால ரொம்ப நாளு கழிச்சி அந்த நாலு வரியையும் அவரையே படிக்கச் சொல்லிக் கேட்டேன். மாஸ்டரு தூங்கிட்டாரு. காலையில அஞ்சு மணிலேர்ந்து நின்னுக்கினு இருந்தாரு. அவருக்கு ஓய்வுக்குன்னு ரூலு எழுதாதது மேனேஜரு தப்பு. இன்னிக்கி எழுதியாச்சி. அதுதான் அந்த நாலு வரி.

அந்த பாரு இன்னும் ஓடுது. பின்கதவும் கீது, பூசணிக்காயும் கீது. பக்கெட்டு வேலைய உட்டுட்டு சித்தூரு ஜில்லா பாலசமுத்திரம் பக்கம் பொண்ணு ஊட்டுல கீறாராம். நல்லா கீறாராம், பேரப் புள்ளைங்கள ஸ்கூல் ஆட்டோவுல எண்ணி ஏத்துறாராம். என் பழைய ஃபோனு தண்ணியில உழுந்துடுச்சி, நம்பரு மாறிப் போச்சி. புது நம்பர்லேர்ந்து பண்ணா அவரு எடுக்க மாட்டாரு, அது அவரு ரூலு. என் மொழங்காலுக்கு பஸ்சு ஏறி அவ்ளோ தூரம் போவ முடியல.

அதனால இதப் படிக்கிறவங்க யாராச்சும் அந்தப் பக்கம் போனீங்கன்னா, செவப்பு சல்லடை வெச்சிக்கினு ஒரு ஒல்லி மனுசரு குந்தினு இருந்தாருன்னா, எனக்காக ஒரு வார்த்த சொல்லிடுங்க. மாஸ்டரு தெனம் மூணு மணிக்குத் தூங்குறான், அடுப்ப அணைச்சிட்டுத்தான் தூங்குறான்னு சொல்லுங்க. லெக்க சரியா கீதுன்னு சொல்லுங்க.